புறநகர் ரயிலை நகர ஆணையம் ஏற்று நடத்துவது எப்படி: லண்டனின் வழிமுறை

2007 நவம்பர் 11 அன்று, வடக்கு லண்டனில் ‘சில்வர்லிங்க்’ என்ற தனியார் நிறுவனம் ஓட்டிவந்த நான்கு புறநகர்த் தடங்கள் ‘டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்’ எனப்படும் நகரப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்புக்கு வந்தன. அந்தத் தடங்களின் தண்டவாளம் ஆணையத்துக்குச் சொந்தமில்லை. சிக்னல்கள் அதன் கையில் இல்லை. ரயிலை ஓட்டியவர்கள் அதன் ஊழியர்களும் அல்லர். ஆயினும் எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் வர வேண்டும், கட்டணம் எவ்வளவு, நிலையத்தில் எந்நேரம் வரை ஆள் இருக்க வேண்டும் என்பன போன்ற முடிவுகள் அன்று முதல் நகரத்தின் முடிவுகளாயின. ‘லண்டன் ஓவர்கிரவுண்ட்’ என்று பெயரிடப்பட்ட அந்தச் சேவையில் அடுத்த பத்தாண்டுகளில் பயணிகள் பல மடங்கு பெருகினர். புதிய தடங்கள் சேர்ந்தது அதற்கு ஒரு காரணமே என்றாலும், பழைய தடங்களிலேயே கூட்டம் கூடியதை அங்கு பயணம் செய்த எவரும் அறிவர்.

தன் புறநகர் ரயிலைத் தானே நிர்வகிக்க விரும்பும் ஒரு நகரம் எந்த வரிசையில், எவற்றில் கவனம் வைத்துச் செயல்பட வேண்டும் என்பதை லண்டனின் அனுபவத்தை முன்வைத்து விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். நகராட்சி நிர்வாகத்தில் இருப்போருக்கும், போக்குவரத்துத் திட்டமிடல் பயிலும் மாணவர்களுக்கும், தங்கள் ஊர் ரயிலைப் பற்றிச் சரியான கேள்விகளைக் கேட்க விரும்பும் பயணிகளுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன். ரயிலை நடத்த நகரத்துக்கு முதலில் வேண்டியது முடிவெடுக்கும் அதிகாரம். தண்டவாளத்தின் உரிமை பின்னால் வரலாம், வராமலும் போகலாம் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் சட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்

லண்டனில் இது 1999ஆம் ஆண்டின் பெருநகர லண்டன் ஆணையச் சட்டத்தில் தொடங்கியது. அச்சட்டத்தின்படி மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் பதவியும், 25 உறுப்பினர் கொண்ட பேரவையும், 2000 ஜூலையில் செயல்படத் தொடங்கிய போக்குவரத்து ஆணையமும் உருவாயின. ஆணையத்தின் குழுவுக்கு மேயர் தலைமை ஏற்கலாம். கட்டணங்களை நிர்ணயிப்பவர் அவரே. நகரம் முழுமைக்குமான போக்குவரத்து உத்தியை வெளியிடுவது அவருடைய சட்டக் கடமை. பேரவை அவரைக் கேள்வி கேட்கும். இவ்வாறு பொறுப்பும் அதிகாரமும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால், ரயில் தாமதமானால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் வாக்காளருக்கு இல்லை.

எனினும் புறநகர் ரயில் இந்தச் சட்டத்தால் மட்டும் நகரத்தின் கைக்கு வந்துவிடவில்லை. பிரிட்டனில் பயணிகள் ரயில் சேவைகள் 1993ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின்கீழ் மத்திய அரசால் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டுவந்தன. அந்தக் குத்தகை முறையிலிருந்து குறிப்பிட்ட தடங்களுக்கு விலக்கு அளித்து, அவற்றுக்கான ஒப்பந்தத்தை நகர ஆணையமே போட்டுக்கொள்ளலாம் என்று அரசு 2006இல் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த அடி வைக்க முடிந்தது. ஆகவே ஒரு நகரம் முதலில் செய்ய வேண்டிய வேலை, தான் கேட்கும் தடத்தின் மீது இன்று யாருக்கு என்ன சட்ட உரிமை இருக்கிறது என்று எழுதிவைப்பது: தண்டவாளம் யாருடையது, கால அட்டவணையை யார் ஒப்புக்கொள்கிறார், கட்டணத்தை யார் அறிவிக்கிறார், நட்டத்தை யார் ஈடுகட்டுகிறார். இந்த நான்கு கேள்விகளுக்கும் ஒரே பெயர் விடையாக வருவது அரிது. எந்த உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்பது அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் தெளிவாகும்.

சென்னையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. புறநகர் ரயில் தெற்கு ரயில்வேயிடமும், மெட்ரோ ஒன்றிய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனத்திடமும், பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்திடமும் இருக்கின்றன. இவற்றை ஒருங்கிணைக்க 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ‘கும்டா’ எனும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைக்கப்பட்டது. ஒருங்கிணைக்கும் அமைப்பும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் அமைப்பும் ஒன்றல்ல. பணம் கொடுக்கும் அதிகாரமும் அபராதம் விதிக்கும் அதிகாரமும் இல்லாத குழுமம் கூட்டம் கூட்டலாம், அறிக்கை தரலாம். மாலை நேரத்தில் ஒரு ரயிலைக் கூடுதலாக விட அதனால் முடியாது.

எதைத் தானே ஓட்டுவது, எதை ஓட்டக் கொடுப்பது

லண்டன் ஆணையம் தன் ரயில்கள் அனைத்தையும் ஒரே முறையில் நடத்துவதில்லை. 1863இல் தொடங்கிய சுரங்க ரயிலை அது தன் சொந்த ஊழியர்களைக் கொண்டே ஓட்டுகிறது. தண்டவாளம், சிக்னல், பணிமனை ஆகியவையும் பெரும்பாலும் அதனுடையவை. 1987இல் தொடங்கிய டாக்லேண்ட்ஸ் இலகு ரயிலில் சொத்து முழுவதும் ஆணையத்துடையது. ஓட்டுநர் இல்லாத அந்த ரயில்களை இயக்கும் பொறுப்பு மட்டும் ஒப்பந்தத்தில் தனியாரிடம் தரப்பட்டிருக்கிறது. ஓவர்கிரவுண்டிலோ பெரும்பாலான தண்டவாளம் ‘நெட்வொர்க் ரயில்’ என்ற தேசிய அமைப்புக்குச் சொந்தம். ரயிலை ஓட்டுவது ஒப்பந்த நிறுவனம். 2022 மே 24 அன்று திறக்கப்பட்ட எலிசபெத் தடத்தில் நடுப்பகுதிச் சுரங்கம் ஆணையத்துடையது. இரு புறமும் உள்ள நிலமேல் பாதை நெட்வொர்க் ரயிலுடையது. இயக்குவது மீண்டும் ஒரு தனியார் ஒப்பந்ததாரர்.

இந்த வேறுபாடுகள் வரலாற்றால் வந்தவை என்றாலும், அவற்றுள் பாடம் இருக்கிறது. சுரங்க ரயிலின் பராமரிப்பையும் புதுப்பிப்பையும் 2002–03இல் மூன்று முப்பது ஆண்டு ஒப்பந்தங்களாகத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அவற்றுள் இரண்டைப் பெற்ற ‘மெட்ரோநெட்’ தன் வேலைகளைப் பெரும்பாலும் தன் பங்குதாரர் நிறுவனங்களுக்கே கொடுத்தது, செலவு கட்டுமீறியது, 2007 ஜூலையில் அந்நிறுவனம் நொடித்துப்போனது. அடுத்த ஆண்டு அதன் பணிகளை ஆணையமே எடுத்துக்கொண்டது. 2010இல் மூன்றாவது ஒப்பந்த நிறுவனத்தையும் விலைக்கு வாங்கியது. முப்பது ஆண்டுகளில் தண்டவாளத்துக்கும் சிக்னலுக்கும் என்னென்ன தேவைப்படும் என்பதை முன்கூட்டியே எழுதி முடித்துவிட முடியாது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ரயில் ஓட்டுவதற்கு என்ன தேவை என்பதை எழுதிவிட முடியும். எதை வெளியே கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்கு இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தெற்கு லண்டனில் உள்ள க்ராய்டன் டிராம் இன்னொரு பாடம். 2000இல் திறக்கப்பட்ட அந்தத் தடம் நெடுங்கால உரிமத்தில் ஒரு தனியார் கூட்டமைப்பிடம் இருந்தது. நகரம் முழுவதற்கும் ஒரே கட்டணக் கொள்கையை மேயர் கொண்டுவந்தபோது, அதனால் குறையும் வருவாய்க்கு அந்தக் கூட்டமைப்புக்கு இழப்பீடு தர வேண்டியிருந்தது. கடைசியில் 2008இல் ஆணையம் அந்நிறுவனத்தையே வாங்கியது. கட்டணத்தை மாற்றும் உரிமையை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தால், பிறகு அதைத் திரும்ப வாங்க விலை கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தத்தை எழுதுவது

இந்த வழிமுறையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரிட்டனின் பழைய குத்தகை முறையில், ஒரு நிறுவனம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு தடத்தை எடுத்து, கட்டண வருவாயைத் தானே வைத்துக்கொண்டு, அரசிடம் மானியம் பெற்றோ அரசுக்குப் பணம் கட்டியோ ரயிலை ஓட்டியது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் குத்தகைக் காலத்துக்குள் காய்க்கும் மரங்களைத்தான் கவனிப்பார், புதுக் கன்று நட மாட்டார். அதே போல, கூட்டம் குறைந்த இந்த வடக்கு லண்டன் தடங்களில் பணம் போட எந்த நிறுவனத்துக்கும் காரணம் இருக்கவில்லை. நிலையங்கள் இருண்டு கிடந்தன. பல நிலையங்களில் ஆளே இல்லை. சீட்டு வாங்காமல் பயணம் செய்வது எளிதாக இருந்தது.

ஆணையம் எழுதிய ஒப்பந்தம் இதைத் தலைகீழாக்கியது. கட்டணத்தை ஆணையம் நிர்ணயிக்கிறது, வருவாயும் ஆணையத்துக்கே செல்கிறது. ஓட்டும் நிறுவனத்துக்கு ஓட்டுவதற்கான தொகை தரப்படுகிறது. 2007இல் ஹாங்காங்கின் எம்டிஆர் நிறுவனமும் லெயிங் ரயிலும் சேர்ந்து பெற்ற முதல் ஓவர்கிரவுண்ட் ஒப்பந்தத்தில், வருவாய் ஏற்ற இறக்கத்தின் பத்தில் ஒரு பங்கு மட்டும் அவர்கள் பொறுப்பில் வைக்கப்பட்டது. பத்தில் ஒன்பது பங்கு ஆணையத்தின் மேல். நகரப் பொருளாதாரம் சரிந்து பயணிகள் குறைந்தால் ஓட்டுபவரால் என்ன செய்ய முடியும்? அவரால் கட்டுப்படுத்த முடியாத இடரை அவர் தலையில் வைத்தால், அந்த இடருக்கும் சேர்த்து ஒப்பந்தப்புள்ளியில் விலை கேட்பார். ஆனால் சீட்டுப் பரிசோதனை ஒழுங்காக நடப்பதும், வாயிலில் ஆள் நிற்பதும் அவர் கையில் இருப்பவை. அவற்றில் அக்கறை குறையாமலிருக்க அந்தச் சிறு பங்கு உதவியது.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போது ஒவ்வொரு அம்சத்தையும் எடுத்து, இது யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்று கேட்க வேண்டும். நேரந்தவறாமை, ரத்தான ரயில்களின் எண்ணிக்கை, பெட்டியின் தூய்மை, நிலையத்தில் ஆள் இருப்பது, அறிவிப்புப் பலகை சரியாகக் காட்டுவது, மின்தூக்கி பழுதாகாமலிருப்பது ஆகியவை ஓட்டுபவரின் கட்டுப்பாட்டில் உள்ளவை. இவற்றுக்கு அளவுகோல் வைத்து, எட்டினால் ஊக்கத்தொகை, தவறினால் பிடித்தம் என்று வகுக்க வேண்டும். தூய்மை போன்றவற்றை மதிப்பிட, பயணியைப் போல் அறிவிக்காமல் வந்து பார்த்துக் குறிக்கும் ஆய்வாளர்களை லண்டன் பயன்படுத்துகிறது. அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும்போது எச்சரிக்கை தேவை: முனைய நிலையத்தை அடையும் நேரத்தை மட்டும் அளந்தால், தாமதமாக வரும் ரயில் இடைநிலையங்களில் நிற்காமல் ஓடி நேரத்தை ஈடுகட்டிக்கொள்ளும். ஏட்டில் அது நேரத்துக்கு வந்த ரயில். நடுவழியில் மழையில் காத்திருந்தவருக்கோ அந்த ரயிலே வரவில்லை.

இந்த முறையின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வருவாய் நகரத்துடையது என்றால் நட்டமும் நகரத்துடையதே. 2020இல் பெருந்தொற்றால் ரயில்கள் வெறுமையாக ஓடியபோது, ஓட்டும் நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகை தொடர்ந்தது, கட்டணப் பெட்டியோ காலியானது. இந்த இடரைத் தாங்க நிதி இருப்பு இல்லாத நகரம் இத்தகைய ஒப்பந்தத்தில் இறங்கும் முன் மேலரசிடம் எழுத்து மூலமான உறுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறருடைய தண்டவாளத்தில் ஓட்டுவது

ஓவர்கிரவுண்ட் ரயில்கள் ஓடும் வடக்கு லண்டன் தடத்தில் சரக்கு ரயில்களும் ஓடுகின்றன. கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து வரும் கொள்கலன் வண்டிகளுக்கு அது முக்கிய வழி. பத்து நிமிடத்துக்கு ஒரு பயணிகள் ரயில் வேண்டும் என்று நகரம் விரும்பினாலும், அந்த இடைவெளிகளுக்குள் நீண்ட சரக்கு வண்டி ஒன்றும் நுழைந்தாக வேண்டும். தண்டவாள உரிமையாளரான நெட்வொர்க் ரயில் இரு தரப்புக்கும் வழி தர வேண்டியது. ஒழுங்குமுறை அமைப்பு அந்தப் பங்கீட்டைக் கண்காணிக்கிறது.

இத்தகைய நிலையில் ஆணையம் மூன்று ஏற்பாடுகளை உறுதி செய்துகொள்ள வேண்டும். தண்டவாளத்தைப் பயன்படுத்தும் உரிமை, மணிக்கு இத்தனை ரயில் என்ற அளவில் ஒப்பந்தமாக இருக்க வேண்டும். நல்லெண்ணத்தை நம்பி இருக்கக் கூடாது. அடுத்தது தாமதத்துக்குப் பொறுப்பு யார் என்று தீர்க்கும் முறை. பிரிட்டனில் மூன்று நிமிடமோ அதற்கு மேலோ ஏற்படும் ஒவ்வொரு தாமதத்துக்கும் காரணம் பதிவு செய்யப்படுகிறது: சிக்னல் பழுதா, ரயில் கதவு சிக்கியதா, முன்னே சென்ற வேறொரு நிறுவனத்தின் ரயிலா. அந்தப் பதிவின்படியே பணம் கைமாறுகிறது. இது வெறும் கணக்கு வழக்காகத் தோன்றினாலும், எந்தச் சிக்னல் மாதந்தோறும் பழுதாகிறது என்பதை நகரம் ஆதாரத்தோடு காட்ட முடிவது இதனால்தான். மூன்றாவது, பராமரிப்புக்காகத் தடத்தை மூடும் நாட்களை முன்கூட்டியே பேசி முடிப்பது. ஒரு தடம் மூடியிருக்கும் வார இறுதியில் அதற்கு மாற்றான தடமும் மூடப்படுமானால், வரைபடத்தில் இரண்டு தடங்கள் இருந்தும் பயணிக்கு ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் ஓர் ஆணையத்தால் மட்டுமே இதைத் தவிர்க்க இயலும்.

நிலையம், பெட்டி, கால அட்டவணை

பொறுப்பேற்றதும் முதலில் செய்ய வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், நிலையத்தில் ஆள் வைப்பது என்பேன். ஓவர்கிரவுண்ட் நிலையங்களில் முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை ஊழியர் இருக்க வேண்டும் என்பது தொடக்கம் முதலே நிபந்தனையாக இருந்தது. விளக்குகள், கண்காணிப்புக் கேமராக்கள், உதவி கோரும் பொத்தான்கள், பல இடங்களில் தானியங்கி வாயில்கள் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தனியே இறங்கத் துணியும் நிலையமாக அது மாறுவதற்கு, புதிய ரயில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாற்றத்தை மக்கள் உடனே கண்ணால் காண்பதும் இங்கேதான்.

பெட்டிகள் 2009 முதல் வரத் தொடங்கின. டெர்பி நகரில் கட்டப்பட்ட இந்த ரயில்களில் இருக்கைகள் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி நீளவாக்கில் அமைந்தன. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை உள்ளேயே நடந்து செல்லலாம். இருக்கைகள் குறைந்துவிட்டன என்று சிலர் குறைப்பட்டாலும், பெரும்பாலோர் குறுந்தொலைவு பயணம் செய்யும் தடத்தில் நிற்கும் இடமும் விரைவாக ஏறி இறங்கும் வசதியும்தான் முக்கியம் என்ற முடிவு சரியானது என்றே கருதுகிறேன். மூன்று பெட்டிகளாகத் தொடங்க எண்ணிய ரயில் நான்காகி, பின்னர் 2014 முதல் ஐந்தானது. நடைமேடையை நீட்ட முடியாத சில பழைய நிலையங்களில் கடைசிக் கதவுகள் திறக்காதபடி ஏற்பாடு செய்தார்கள். ஆகவே ரயில் வாங்கும்போதே பின்னால் பெட்டி சேர்க்கும் உரிமையைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. தயாரிப்பாளர் தாமதித்தால் என்ன என்பதையும் எழுத வேண்டும். காஸ்பெல் ஓக், பார்க்கிங் (Barking) என்னும் இரு பகுதிகளை இணைக்கும் ஓவர்கிரவுண்ட் தடத்துக்கான புதிய மின்ரயில்கள் மிகவும் தாமதமாக வந்து, பயணிகள் மாதக்கணக்கில் குறைந்த ரயில்களோடு அவதிப்பட்டதற்கு ஈடாக, 2019இல் அத்தடத்தில் ஒரு மாதம் இலவசப் பயணம் அளிக்கப்பட்டது. அதற்கான செலவைத் தயாரிப்பாளர் ஏற்றார்.

கால அட்டவணையைப் பொறுத்தவரை இரண்டு கருத்துகள் போதும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் சீரான இடைவெளியில் வந்தால் மக்கள் அட்டவணையைப் பார்க்காமல் நிலையத்துக்கு வருவார்கள். அரைமணிக்கு ஒன்று என்றால் வேறு வழி தேடுவார்கள். இரண்டாவது, துண்டுதுண்டாகக் கிடக்கும் பாதைகளை இணைப்பது புதுப் பாதை போடுவதைவிட மலிவு. 1843இல் தேம்ஸ் நதிக்கு அடியில் கட்டிமுடிக்கப்பட்ட சுரங்கத்தையும், 1986இல் கைவிடப்பட்டுக் கிடந்த மேம்பாலத்தையும் இணைத்துக் கிழக்கு லண்டன் தடம் 2010இல் திறக்கப்பட்டது. 2012 டிசம்பரில் தெற்கே கிளாப்பம் ஜங்ஷன் வரை இணைப்பு முடிந்தபோது, நகர மையத்துக்குள் நுழையாமலே லண்டனைச் சுற்றிவரும் வளையம் நிறைவுற்றது. பல தனித்தனி நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்திருந்தால் இந்த வளையத்தை நினைத்துப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் இருந்திருக்காது.

ஒரே அட்டை, ஒரே கட்டணம்

2003இல் அறிமுகமான, கருவியில் தொட்டுப் பயணிக்கும் ‘ஆய்ஸ்டர்’ பயண அட்டை ஓவர்கிரவுண்டில் முதல் நாள் முதலே செல்லுபடியானது. தனியார் நிறுவனங்கள் ஓட்டிய பிற புறநகர் ரயில்களில் அட்டையிலிருந்து பணம் கழிக்கும் வசதி 2010 ஜனவரியில்தான் பரவலாக வந்தது. 2014 செப்டம்பர் முதல் வங்கி அட்டையையே நேரடியாகத் தொட்டுச் செல்லலாம். நகரம் வளைய மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மைய மண்டலம் வழியாகச் செல்வதற்குக் கட்டணம் அதிகம். ஒரு நாளுக்கு, ஒரு வாரத்துக்கு என உச்சவரம்பு உண்டு. எத்தனை முறை பயணித்தாலும் அதற்கு மேல் கழிக்கப்படாது. அன்றாடக் கூலிக்கு வேலை செய்பவர் மாதச்சீட்டுக்கு முன்பணம் புரட்ட முடியாமல் கூடுதலாகச் செலவழிக்கும் அநீதியைக் குறைப்பதால், இந்த உச்சவரம்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரே இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இரண்டு வழிகள் இருந்தால், பயணி எந்த வழியில் போனார் என்று அட்டைக்கு எப்படித் தெரியும்? காஸ்பெல் ஓக், வில்ஸ்டன் ஜங்ஷன் போன்ற மாறும் நிலையங்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் தனிக் கருவிகளை வைத்தார்கள். மைய மண்டலத்தைத் தவிர்த்துச் சுற்றிச் செல்பவர் அதில் தொட்டால் குறைந்த கட்டணம் கழிக்கப்படும். வளையத் தடத்தில் ரயில் விடுவது மட்டுமே மையத்தின் நெரிசலைக் குறைத்துவிடாது; அந்த வழி மலிவாகவும் இருக்க வேண்டும். அந்தக் கருவி எதற்கு என்று தெரியாமல் கடந்துபோகிறவர்கள் கூடுதல் கட்டணம் செலுத்திவிடுகிறார்கள் என்பதால், தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் வெம்பிளி போன்ற பகுதிகளிலிருந்து குறுக்கே பயணிப்போர் இதைக் கவனிப்பது நன்று.

ரயில் நின்றுபோகும் நாளில்

இடையூறு வரும் நாளுக்கான ஏற்பாட்டை அது வரும் முன்பே செய்திருக்க வேண்டும். ஒரு தடம் நின்றால் அதன் பயணிகளைப் பேருந்திலும் பிற ரயில்களிலும் கூடுதல் கட்டணமின்றி ஏற்றிக்கொள்ளும் உடன்பாடு எல்லா நிறுவனங்களோடும் நடைமுறையில் இருக்க வேண்டும். இழப்பீட்டு விதியும் எளிதாகப் புரிய வேண்டும்: லண்டனில் சுரங்க ரயிலும் டாக்லேண்ட்ஸ் ரயிலும் 15 நிமிடமோ அதற்கு மேலோ தாமதித்தால் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம்; ஓவர்கிரவுண்டுக்கும் எலிசபெத் தடத்துக்கும் அந்த வரம்பு 30 நிமிடம்.

தகவலின் தெளிவும் இதில் அடங்கும். ஓவர்கிரவுண்டின் ஆறு தடங்களும் வரைபடத்தில் ஒரே ஆரஞ்சு நிறத்தில், ஒரே பெயரில் இருந்தன. எங்கோ ஒரு மூலையில் மரம் விழுந்தால் ‘ஓவர்கிரவுண்டில் தாமதம்’ என்ற அறிவிப்பு நகரம் முழுவதும் உள்ளவர்களைக் கலங்கவைத்தது. 2024இல் லயனெஸ், மைல்ட்மே, விண்ட்ரஷ், வீவர், சஃப்ரஜெட், லிபர்ட்டி என்று தனித்தனிப் பெயரும் நிறமும் வழங்கினார்கள். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம்.

பாதுகாப்பை ஒப்பந்தத்தால் கைமாற்ற முடியாது

2016 நவம்பர் 9 அதிகாலையில், க்ராய்டனில் சாண்டிலண்ட்ஸ் வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டிய டிராம் 70 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சென்று கவிழ்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். டிராமை ஓட்டியது ஒப்பந்த நிறுவனம். ஆயினும் 2023இல் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 40 லட்சம் பவுண்டும், ஆணையத்துக்கு 1 கோடி பவுண்டும் அபராதம் விதித்தது. பாதையும் அதன் ஆபத்தும் ஆணையத்துடையவை. அந்த வளைவின் இடரை மதிப்பிட்டுக் குறைக்க வேண்டிய கடமை ஒப்பந்தத்தோடு கைமாறிவிடவில்லை. விபத்துக்குப் பின்னரே தானாக வேகத்தைக் குறைக்கும் கருவியும், ஓட்டுநரின் விழிப்பைக் கண்காணிக்கும் கருவியும் பொருத்தப்பட்டன.

ஒவ்வொரு ஆணையமும் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், களைப்பைப் பற்றி அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா, நூலிழையில் தப்பிய நிகழ்வுகள் பதிவாகின்றனவா என்பவற்றை ஒப்பந்ததாரரின் மாத அறிக்கையை மட்டும் நம்பாமல் தானே நேரில் விசாரித்தறியும் ஒரு பாதுகாப்புப் பிரிவு ஆணையத்துக்குள் இருக்க வேண்டும். பயணிகளின் குறைகளையும் எச்சரிக்கைகளாகவே படிக்க வேண்டும்.

பணம்

லண்டன் ஆணையத்தின் அன்றாடச் செலவுக்கான அரசு மானியம் 2018 வாக்கில் நிறுத்தப்பட்டது. அதன்பின் கட்டண வருவாயையே பெரிதும் நம்பி ஓடிய அமைப்பு, 2020 மே மாதத்தில் அரசிடம் அவசர நிதி கேட்க நேர்ந்தது. அந்த உதவி நிபந்தனைகளோடு, குறுகிய தவணைகளாக வந்தது. உலகின் பெருநகரங்களுள் கட்டணத்தை இவ்வளவு நம்பியிருந்தவை குறைவு என்பதால், இதைப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக நான் சொல்ல மாட்டேன்.

பின்பற்றத்தக்கது வேறொன்று இருக்கிறது. எலிசபெத் தடத்தின் கட்டுமானத்துக்கு, அதனால் பயன்பெறும் நகரமே ஒரு பங்கைக் கொடுத்தது: 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களின் மீது கூடுதல் வரியும், 2012 முதல் புதிய கட்டுமானங்களின் மீது மேயரின் மேம்பாட்டுக் கட்டணமும் விதிக்கப்பட்டன. ரயில் வந்தால் நிலத்தின் விலை உயர்கிறது. அந்த உயர்வில் ஒரு பகுதி ரயிலுக்கே திரும்புவது முறை. ஆனால் செலவுக் கணக்கில் கண்டிப்பு வேண்டும். 2018 டிசம்பரில் திறக்க வேண்டிய அந்தத் தடம் மூன்றாண்டுக்கும் மேல் தாமதமானது. மூன்று வகைச் சிக்னல் முறைகளுக்கும் பொருந்துமாறு ரயில்களின் மென்பொருளை அமைத்துச் சோதிக்கும் வேலையைக் குறைத்து மதிப்பிட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நகர எல்லைக்கு வெளியே

புறநகர் ரயில் மாநகராட்சி எல்லையில் நிற்பதில்லை. ஓவர்கிரவுண்ட் வாட்ஃபோர்டுக்கும் செஷண்டுக்கும் செல்கிறது. எலிசபெத் தடம் ரெடிங் வரை நீள்கிறது. அங்கு வாழ்பவர்களுக்கு லண்டன் மேயர் தேர்தலில் வாக்கில்லை. 2016 ஜனவரியில் லண்டனின் உட்புறநகர் ரயில்களைப் படிப்படியாக ஆணையத்திடம் ஒப்படைக்கும் திட்டத்தை மத்திய அரசும் மேயரும் கூட்டாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் புதிய போக்குவரத்து அமைச்சர் தென்கிழக்குத் தடங்களை ஒப்படைக்க மறுத்துவிட்டார். தொலைவிலிருந்து வரும் தங்கள் விரைவு ரயில்களை லண்டன் ஓரங்கட்டிவிடும் என்று கென்ட் மாவட்டத்தினருக்கு எழுந்த அச்சம் அந்த விவாதத்தில் இடம்பெற்றிருந்தது.

அந்த அச்சத்தைப் பொருளற்றது என்று ஒதுக்கக் கூடாது. எல்லைக்கு அப்பாலுள்ள உள்ளாட்சிகளோடு முன்னதாகவே அமர்ந்து, இன்று அவர்களுக்கு ஓடும் ரயில்களின் எண்ணிக்கை குறையாது, நிற்கும் நிலையங்கள் மாறாது என்று எழுத்தில் உறுதி தந்து, அட்டவணையை மாற்றும் முன் அவர்களைக் கலந்தாலோசிக்கும் கடமையை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். பயணிகளுக்காகப் பேசும் தனி அமைப்பும் வேண்டும். லண்டனில் ‘லண்டன் டிராவல்வாட்ச்’ சட்டப்படி அந்தப் பணியைச் செய்கிறது. அதற்கு நிதி தருவது ஆணையம் அன்று, பேரவை. குறைகேட்கும் அமைப்புக்குச் சம்பளம் கொடுப்பவரும் குறைக்கு ஆளாகுபவரும் ஒருவராக இருக்கலாகாது.

ஒப்பந்தம் முடியும் நாள்

எல்லா ஒப்பந்தமும் ஒரு நாள் முடியும். 2016 நவம்பரில் ஓவர்கிரவுண்ட் ‘அரைவா’ நிறுவனத்துக்கும், 2025 மே மாதத்தில் எலிசபெத் தடம் எம்டிஆரிடமிருந்து, டோக்கியோ மெட்ரோவும் பங்கேற்கும் கூட்டு நிறுவனத்துக்கும் மாறின. ரயிலின் பெயர், நிறம், கட்டணம், அட்டவணை எதுவும் மாறவில்லை. ஓட்டுநர்களும் நிலைய ஊழியர்களும் சட்டப் பாதுகாப்போடு புதிய நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார்கள். இது தானாக நடந்துவிடாது. ரயில்களும் பணிமனைகளும் ஓட்டும் நிறுவனத்தின் சொத்தாக ஆகிவிடாதபடி தொடக்க ஒப்பந்தத்திலேயே தடுத்திருக்க வேண்டும். பராமரிப்புப் பதிவேடுகள், பழுது வரலாறு, ஊழியர் பயிற்சிக் குறிப்புகள், பயணிகள் எண்ணிக்கைத் தரவுகள் யாவும் ஆணையத்துக்கு உரியவை என்று எழுதியிருக்க வேண்டும். கடைசி ஆண்டில் ஓட்டுபவர் பராமரிப்பைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு என்பதால், அந்த ஆண்டில் ஆய்வுகளை அதிகப்படுத்தி, நல்ல நிலையில் ஒப்படைத்தால் மட்டுமே விடுவிக்கப்படும் ஒரு தொகையைப் பிடித்து வைக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் வேலையை, நடப்பு ஒப்பந்தம் முடிவதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. இல்லையேல் நேரம் போதாமல் இருப்பவருக்கே நீட்டிப்புத் தர நேரும், அப்போது விலை பேசும் வலிமை நகரத்திடம் இருக்காது.